மூச்சு விடாதே

எங்கள் வீட்டில் ஒரே நோய்க்கு மூன்று பெயர். என் அம்மா அதை ‘இழுப்பு’ என்றாள். என் மகள் ‘ஆஸ்துமா’ என்கிறாள். பேத்திக்கு அது ‘வீசிங்’. பெயர்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டி போல நடுராத்திரியில் நெஞ்சுக்குள் கத்தும் அந்தச் சத்தம் மாறவே இல்லை.

போன ஐப்பசியில் பேத்தி ஐந்து மாதத்து வயிற்றோடு ஊருக்கு வந்திருந்தாள். மழை விடாத இரவு, மணி இரண்டு இருக்கும். கொல்லைப்பக்கக் குளியலறையில் விளக்கு எரிந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் தன் இருமலை ஒளித்துக்கொண்டிருந்தாள். எழுபத்து நான்கு வயதில் எனக்குக் காது மந்தம்தான். ஆனாலும் அந்த ஒரு சத்தம் தப்பாது. கதவைத் தட்டினேன்.

“ஒண்ணுமில்ல அம்மாச்சி, சளி.”

“பம்பு எங்கே?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். “உண்டானதுலேருந்து போடல அம்மாச்சி. மருந்து பாப்பாவுக்குப் போயிடுமோன்னு பயமா இருக்கு. பத்து மாசம்தானே, பொறுத்துக்கறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தச் சொல்லை இந்த வீட்டில் முதலில் சொன்னவள் நான். என் மகளைச் சொல்லவைத்தவளும் நான். அதன் பலனை இரண்டு தரம் கண்டவள், மூன்றாம் தரமும் சும்மா இருந்தால் இத்தனை வயது வாழ்ந்ததற்கு அர்த்தமில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது 1971-ல். மன்னார்குடிக்குப் பக்கத்தில் நெல்லும் வைக்கோலுமாகக் கிடந்த வீடு. புறப்படும் முன் அம்மா என்னை மாட்டுக்கொட்டில் பக்கம் அழைத்துப் போய், “இழுப்பு இருக்குன்னு அங்கே யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்றாள். இழுப்புக்காரியிடம் சொல்லக்கூடிய புத்தியா இது என்று பிற்பாடு நாங்கள் சிரித்ததுண்டு. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயுள்ள பெண் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அம்மாவுக்கு. அந்தப் பயம் எனக்கும் சீதனமாக வந்தது.

1973 தை மாதம் எனக்கு ஏழாம் மாதம். அறுவடைக் காலம். களத்தில் நெல் தூற்றும்போது கருக்காயும் தூசியும் காற்றோடு வீட்டுக்குள் வரும். கொல்லையில் நெல் அவிக்கும் அண்டாவுக்குக் கீழே பச்சை விறகு புகையும். படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். திண்ணைத் தூணில் சாய்ந்து விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். மாமியார் கேட்டால், “புழுக்கமா இருக்கு அத்தை” என்பேன். தை மாதப் பனியில் என்ன புழுக்கம் என்று அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதுகைத் தடவிவிட்டு, “எத்தனை நாளா இழுக்குது?” என்றார்.

யாரைப் பார்த்துப் பயந்து ஒளித்தேனோ, அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். கோபப்படவும் இல்லை. விடிந்ததும் வேலியில் ஆடாதோடை பறித்து, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தார். அந்த நேரம் பார்த்து வந்த மருத்துவச்சிக் கிழவி வாசனையிலேயே கண்டுகொண்டு, கஷாயத்தை முற்றத்தில் கொட்டினாள். “வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு இதையா கொடுப்பாங்க? இது பிள்ளையைத் தள்ளுற தழை.” சளிக்கும் இருமலுக்கும் பேர்போன ஆடாதோடையில் வாசிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதற்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் குணம் உண்டு என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். படிக்காத அந்தக் கிழவி என் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாள். தழைதானே, என்ன செய்துவிடும் என்று இன்றைக்கும் கர்ப்பிணிகளுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு வில்வண்டி கட்டி டவுனுக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் அமினோஃபிலின் ஊசியை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டாலும் மூச்சு இறங்கியது. மார்ச்சில் மகள் பிறந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நல்லபடியாக முடிந்ததால்தான் நான் பாடம் படிக்கவில்லை. ‘பொறுத்துக்கொண்டேன், பிள்ளை பிறந்தது’ என்றுதான் மனசு கணக்குப் போட்டு வைத்தது. நடுவில் ஒரு வண்டியும், ஒரு டாக்டரும், ஒரு ஊசியும் இருந்ததை அந்தக் கணக்கு மறந்துவிட்டது.

அந்தத் தப்புக் கணக்கை 1998-ல் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கும் என் இழுப்பு வந்திருந்தது. அதற்குள் எங்கள் பக்கத்துக்கும் பம்பு என்கிற இன்ஹேலர் வந்துவிட்ட காலம். தினமும் காலை மாலை இழுத்துக்கொண்டு நன்றாகவே இருந்தாள். உண்டான செய்தி வந்ததும் நான் முதலில் சொன்னது, “அந்தப் பம்பை நிறுத்து” என்பதைத்தான். பம்பு என்றால் கடைசிக் கட்ட மருந்து, பழகிவிட்டால் விடாது, பிள்ளைக்கு ஆகாது என்று ஊரெல்லாம் பேச்சு. பள்ளிக்கூட டீச்சரான நானும் அதை நம்பினேன். “ரொம்ப முடியலேன்னா மட்டும் மாத்திரை போட்டுக்கோ. பத்து மாசம்தானே, பொறுத்துக்கோ.”

கார்த்திகை அடைமழையில், இருபத்தெட்டாவது வாரம், பொறுமை தீர்ந்தது. ஒரு வாக்கியத்தை அவளால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சை இழுத்தாள். உதட்டில் ரத்தம் இல்லை. வாடகைக் கார் பிடித்துத் தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அவள் கை என் கையை நெரித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள். ஸ்டீராய்டு ஊசி என்று நர்ஸ் சொன்னதும் நான் குறுக்கே போய் நின்றேன். “வேண்டாம் டாக்டர், குழந்தைக்கு ஆகாது.”

அந்தப் பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். என்னைத் திட்டவில்லை. “டீச்சரம்மா, உங்க பொண்ணு மூச்சு விட்டாத்தானே உள்ளே இருக்கிறது மூச்சு விடும்?” என்றார். ஊசியைப் போட்டார். மகள் தூங்கிய பிறகு, ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு, வகுப்பெடுப்பது போல எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வயிற்றுப் பிள்ளைக்குத் தனியாகக் காற்று கிடையாது. தாயின் ரத்தத்தில் வரும் ஆக்சிஜனில்தான் அது வாழ்கிறது. அதன் ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தமோ தாய்க்கு இருப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். நிறைய வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் குறைந்தால் தெரியாது, அன்றாடங்காய்ச்சிக்கு அடுப்பு அணைந்துவிடும். தாய்க்கு ‘கொஞ்சம் இழுக்குது’ என்பது குழந்தைக்குக் கொஞ்சம் இல்லை.

அடுத்தது மருந்தின் அளவு. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து பம்பில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். “கணக்கு டீச்சர்தானே, வகுத்துப் பாருங்க” என்றார். ஒரு மாத்திரையில் இருப்பது நாற்பது அழுத்துக்கான மருந்து! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருகிறது. பம்பு மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பிள்ளைக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். “பிள்ளைக்கு மருந்து போகக் கூடாதுன்னு குறைஞ்சதை நிறுத்திட்டு, கூடினதைக் கொடுத்திருக்கீங்க.” முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தவளுக்கு, அந்த ஒரு வகுத்தல் தெரியாமல் போய்விட்டது.

மகள் பிழைத்தாள். 1999 தையில், முப்பத்தாறாவது வாரம், 2.1 கிலோவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒன்பது நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் பிறந்ததற்கு அந்த இழுப்புதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். ஒரு குழந்தையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் கட்டுக்குள் வராத ஆஸ்துமா இருந்தால் குறைப்பிரசவம், எடை குறைவு, தாய்க்கு ரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடும் என்றார். கட்டுக்குள் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை நன்றாகவே பிறக்கிறது என்றும் சொன்னார்.

கண்ணாடிப் பெட்டியில் இருந்த அந்தக் குழந்தைதான், போன ஐப்பசியில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமியவள்.

விடிந்ததும் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அங்கே தெரிந்துகொண்டதையும், ஐம்பது வருஷ அனுபவத்தில் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கர்ப்பத்தில் ஆஸ்துமா எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பொதுவாக மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்குக் கூடும், ஒரு பங்குக்குக் குறையும், மீதிப் பேருக்கு அப்படியே இருக்கும். கூடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இருபத்து நான்காவது வாரத்துக்கும் முப்பத்தாறாவது வாரத்துக்கும் இடையில்தான் தொல்லை. கடைசி மாதத்தில் பலருக்கு இறங்கிவிடும். பிரசவ வலியின்போது கடுமையாக இழுப்பது அபூர்வம். பிள்ளை பெற்ற மூன்று மாதத்துக்குள் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். முதல் பிள்ளைக்கு எப்படியோ, அடுத்ததற்கும் அநேகமாக அப்படியே. எனக்கு ஏழாம் மாதம், என் மகளுக்கும் இருபத்தெட்டாவது வாரம். இரண்டும் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

கர்ப்பிணிக்கு மேல்மூச்சு வாங்குவது சகஜம்தானே என்று கேட்கலாம். சகஜம்தான். கர்ப்பகாலத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்கிறது, ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் அந்த மூச்சில் சத்தம் இருக்காது. நெஞ்சைக் கயிறு கட்டி இறுக்குவது போல இருக்காது. விடியற்காலை இருமி எழுப்பாது. சத்தமும் இறுக்கமும் ராத்திரி இருமலும் இருந்தால், அது வயிற்றுப் பிள்ளையின் வேலை இல்லை.

பேத்திக்கு இரண்டு பம்பு. நீலம், இழுக்கும்போது போட. இன்னொன்று, இழுக்காமலிருக்கத் தினமும் போட. அவள் பயந்தது இரண்டாவதைப் பார்த்து, அதில் ஸ்டீராய்டு இருப்பதால். டாக்டர் அவளுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொன்னார். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் புடசோனைடு என்ற அந்த மருந்தைப் பம்பில் எடுத்த ஸ்வீடன் தாய்மார்களின் 2,014 குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். அவர்களுக்குப் பிறவிக்குறை 100-க்கு 3.8, நாட்டின் பொதுக்கணக்கு 3.5. பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வு வெளியானது 1999-ல். “நீ பிறந்த வருஷமே பதில் வந்தாச்சு, இப்ப வந்து பயப்படறியே” என்று டாக்டர் சிரித்தார். மருந்தை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

பம்புக்கு ஒரு கதை உண்டு. 1950-களில் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தை நடத்திய ஜார்ஜ் மேசனின் மகளுக்கு ஆஸ்துமா. ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி மருந்தை இழுத்துச் சலித்துப்போன அந்தப் பதின்மூன்று வயதுப் பெண், தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இதையும் செய்யக் கூடாதா என்று அப்பாவைக் கேட்டாள். 1956-ல் பம்பு கடைக்கு வந்துவிட்டது. தனக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பெண்ணால் உலகத்துக்கே நல்லது நடந்தது. பொறுத்துக்கொண்டிருந்தால் அந்தக் குமிழையே அமுக்கிக்கொண்டு இருந்திருப்பாள்.

வாங்கினால் மட்டும் போதாது, இழுக்கத் தெரிய வேண்டும். பேத்தி அழுத்தியதில் பாதி மருந்து தொண்டையிலேயே தங்கிவிட்டது. நன்றாகக் குலுக்கி, உள்ளே இருக்கும் மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கிவைக்க வேண்டும். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையை முன்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் சுலபம். ஸ்டீராய்டு பம்பு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்ட உடனே படுக்க வேண்டாம் என்றார்கள். நெஞ்செரிச்சலும் இழுப்பைக் கிளப்பிவிடுமாம்.

மருந்தில் பாதி என்றால், வீட்டில் பாதி. எங்கள் வீட்டு விறகடுப்பு போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆனால் புகை போகவில்லை. காலையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ராத்திரி கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. புருஷன் பீடி பிடித்தால் சண்டை போடும் நாம், தலைமாட்டில் சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தூங்குகிறோம். எங்கள் வீட்டில் இப்போது கொசுவலைதான். சாம்பிராணியை நிறுத்தியபோது பேத்தியின் மாமியாரான சம்பந்தியம்மாளுக்குச் சங்கடமாக இருந்தது. “சாமி கோச்சுக்காதுங்க, புகை இல்லாத பூவே போதும்” என்றேன். வளைகாப்பையும் கற்பூரம் இல்லாமல் வாசல் பந்தலில், காற்றோட்டத்தில் வைத்துக்கொண்டோம். குறை சொன்னவர்கள் சொன்னார்கள், வளையலில் சத்தம் குறையவில்லை.

‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று நான் எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன். நல்ல பழமொழிதான். ஆனால் நம் வீடுகளில் அதைப் பெண்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பசியைப் பொறு, வலியைப் பொறு, சொல்லைப் பொறு. பொறுத்துப் பொறுத்துப் பழகியவளுக்கு, எதைப் பொறுக்கக் கூடாது என்பது தெரியாமலே போய்விடுகிறது. மூச்சைப் பொறுக்க முடியாது. பூமியை ஆளவும் முதலில் மூச்சு வேண்டும். அதிலும் ஒரு நெஞ்சில் இரண்டு பேர் மூச்சு விடும் மாதங்களில், பொறுத்துக்கொள்ள அவளுக்கு உரிமைகூட இல்லை. அவள் பொறுப்பது இன்னொருவருடைய மூச்சையும் சேர்த்துத்தான்.

ஆகவே சில விஷயங்களை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்தோம், பேத்தியின் கணவர் உள்பட. நீலப் பம்பு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பம்பு போட்டும் அடங்கவில்லை, பேச்சு துண்டு துண்டாக வருகிறது, விரலில் மாட்டும் கருவி 95-க்குக் கீழே காட்டுகிறது, குழந்தையின் அசைவு குறைகிறது - இதில் எது நடந்தாலும் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி பம்பைப் போட்டுக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் என் மேஜையில் ஒரு சிவப்பு மைப் பேனா இருக்கும். பேத்தியின் தாய் சேய் நல அட்டையை வாங்கி, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘ஆஸ்துமா உண்டு’ என்று எழுதினேன். “எல்லாரும் பார்ப்பாங்களே அம்மாச்சி” என்றாள். பார்க்கத்தான் எழுதினேன். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தப் போடும் கார்போப்ரோஸ்ட் ஊசி ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். ஆஸ்பிரினும் அந்த வகை வலி மாத்திரைகளும் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். மாற்று மருந்துகள் உண்டு, ஆனால் சொன்னால்தானே தருவார்கள்?

எட்டாம் மாதம் அவளுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. டியூட்டியில் இருந்தவர் புது டாக்டர். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லபெட்டலால் மாத்திரையை எழுதப் பேனாவை எடுத்தவர், அட்டையைப் புரட்டினார், சிவப்பு எழுத்தைப் பார்த்தார். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆகாத வகை மருந்து. பேனா நின்றது. நிஃபெடிபின் என்று வேறொன்றை எழுதினார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மாசியில் குழந்தை பிறந்தது. 2.9 கிலோ, கண்ணாடிப் பெட்டி தேவைப்படவில்லை. பால் கொடுத்துக்கொண்டே பேத்தி இப்போதும் தினமும் பம்பு இழுக்கிறாள், தாய்ப்பாலுக்கும் அதனால் கெடுதலில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் இல்லை, நடுக்கூடத்தில் உட்கார்ந்து இழுக்கிறாள். சம்பந்தியம்மாள்தான் வாய் கொப்பளிக்கச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்.

மூச்சு விடாதே என்று என் அம்மா காதோடு சொல்லி அனுப்பியதை, நான் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.